பையைப் பார்க்காமல் விடமாட்டார்

பிறந்தது ஆணா பெண்ணா என்று கேட்டால் அந்த சிஸ்டர் பதில் சொல்ல மாட்டார். பிரசவ அறைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே வருவார். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்குவார். காத்து நிற்கிறவர்களை ஒருமுறை பார்ப்பார். "பை முழுசா வந்தாச்சு" என்பார். அவ்வளவுதான். மீதியை அவரிடமிருந்து பிடுங்கித்தான் வாங்க வேண்டும்.

பை என்றால் பனிக்குடம். வயிற்றுக்குள் பிள்ளையைச் சுற்றி இருக்கிற தோல். தண்ணீர் உடைந்தது என்கிறோமே, அந்தத் தண்ணீரை மாதக்கணக்கில் சிந்தாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். பிள்ளை வந்த பிறகு நஞ்சுக்கொடியோடு சேர்ந்து அதுவும் வெளியே வரும். வந்ததும் அதை ஒரு வாளியில் போட்டுவிட்டு எல்லோரும் பிள்ளையைப் பார்க்கத் திரும்புவார்கள். இவர் வாளிப் பக்கம் திரும்புவார். கொடியைப் பிடித்துத் தூக்குவார். தோல் பை போலத் தொங்கும். பிள்ளை வந்த வாய் வழியாகக் கையை உள்ளே விட்டு, விரல்களை விரித்து, வெளிச்சத்துக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு துண்டுகூடக் குறையவில்லை என்று தெரிந்தால்தான் கையை வெளியே எடுப்பார்.

அந்த ஆஸ்பத்திரி வாசல் ஸ்டாண்டில் பல வருஷம் ஆட்டோ ஓட்டினவன் நான். கீரிப்பாறை மலை அடிவாரத்தில் சின்ன ஆஸ்பத்திரி. உள்ளே யார் சண்டை போட்டாலும் ஸ்டாண்டில் கேட்கும். அவருடைய சத்தம் அதற்கு அப்பாலும் கேட்கும். முட்டத்துக்காரர். கடல் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை.

ஒருமுறை துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன் ஒருவன், லீவு கிடைக்காமல், பெண்டாட்டியின் பிரசவத்துக்கு வீடியோ காலில் காத்து நின்றான். அவனுடைய தம்பி போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றான். சிஸ்டர் வெளியே வந்ததும் போனிலிருந்து சத்தம் வந்தது.

"சிஸ்டர், ஆணா பொண்ணா?"

"பை முழுசா வந்தாச்சு."

"அதில்ல சிஸ்டர். என்ன பிள்ளை?"

சிஸ்டர் போனைப் பிடுங்கி முகத்துக்கு நேரே வைத்தார். "ஏலே, உனக்க பெண்டாட்டி உயிரோட இருக்காளான்னு கேட்டியா?"

போனுக்குள் அவன் தலையைச் சொறிந்தான்.

"கேட்டியா?"

"இல்ல சிஸ்டர்."

"இப்பம் கேளு."

"அவ எப்பிடி இருக்கா சிஸ்டர்?"

"நல்லா இருக்கா. ரத்தம் நின்னாச்சு. பொம்பளப் பிள்ளை. போய் வேலையைப் பாரு."

இதை நேரில் பார்த்த பிறகுதான் எனக்கு அவரைப் பிடித்தது. அதுவரைக்கும் பிடிக்காது. உள்ளதைச் சொல்கிறேன்.

எஸ்டேட் பஸ் விஷயமும் அந்த வருஷம்தான் நடந்தது. காலையில் கீரிப்பாறையிலிருந்து இறங்கி வந்த பஸ், ஸ்டாப்பில் நிற்காமல் நேராக ஆஸ்பத்திரி கேட்டுக்குள் ஏறியது. இரண்டு பூந்தொட்டிகள் போயின. கண்டக்டர் குதித்து ஓடி வந்தான். ரப்பர் பால் வெட்டுகிற பெண் ஒருத்திக்கு எட்டாம் மாதத்திலேயே வலி வந்து, பஸ்ஸின் கடைசி சீட்டில் பிரசவம் ஆகிவிட்டது.

"பிள்ளை வந்தாச்சு. ஆனா பிள்ளை மாதிரி இல்ல" என்றான்.

நான் ஏறிப் பார்த்தேன். சீட்டில் நனைந்த கண்ணாடி போல ஒரு பை கிடந்தது. உள்ளே தண்ணீர். தண்ணீருக்குள் ஏதோ அசைந்தது. பிள்ளை பனிக்குடம் உடையாமல் பையோடேயே வந்துவிட்டது. எங்களுக்கு அது தெரியாது. ஒரு பெண் "வெறும் பிண்டம்" என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டாள். இன்னொருத்தி சிலுவை போட்டாள். நாற்பது பேர் நின்றோம். தொட ஒருத்தருக்கும் கை வரவில்லை. நானும் தொடவில்லை.

சிஸ்டர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். "ஒதுங்குங்கட்டி" என்று பெண்களைத் தள்ளினார். பையைப் பார்த்தார். டியூட்டியில் அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிள்ளையின் முகத்துக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் தோலைக் கிள்ளிக் கிழித்தார். தண்ணீர் சீட்டிலிருந்து வழிந்து தரையில் ஓடியது. மூக்கையும் வாயையும் துடைத்தார். பிள்ளை வீறிட்டது.

பஸ் முழுக்கக் கூச்சல் போட்டது. டிரைவர் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"எதுக்குக் கத்துதிய? இன்னும் நஞ்சு வரல்ல" என்றார் சிஸ்டர்.

உள்ளே கொண்டு போய் நஞ்சுக்கொடி வந்த பிறகு, தான் கிழித்த இடத்தை விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்துப் பார்த்துத்தான் அந்தப் பெண்ணை வார்டுக்கு அனுப்பினாராம். அதோடு முடியவில்லை. சீட்டை யார் கழுவுவது என்று கண்டக்டர் முனகினான். அவர் ஒரு வாளித் தண்ணீரையும் பிரஷ்ஷையும் எடுத்து வந்து தானே கழுவிவிட்டுப் போனார். கண்டக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எனக்கு அவனை அறையத் தோன்றியது.

அன்று சாயங்காலம் என் ஆட்டோவில் ஏறினார். கேட்டேன். "என்ன சிஸ்டர் அது, பிளாஸ்டிக் கவரு மாதிரி?"

"பிளாஸ்டிக்கா? ரெண்டு தோலாக்கும் மக்கா. வெளிய உள்ளது மங்கலா இருக்கும், தொட்டா பிஞ்சிரும். உள்ள உள்ளது மினுமினுன்னு, ஆனா பலம். ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கும். அம்மைக்காரி பஸ்ஸுல குலுங்குவா, சரிவுல வழுக்கி விழுவா. உள்ள கெடக்கது பாட்டுக்கு மிதந்துட்டு கெடக்கும். ஆனா ஒரு துண்டு உள்ள தங்கிச்சுன்னு வையி, அம்மைக்காரிய கொன்னுரும்."

"காப்பாத்தின சாமான் எதுக்கு சிஸ்டர் கொல்லுது?"

"வேலை முடிஞ்ச பெறவும் எந்திரிச்சுப் போகாம இருந்தா யாரா இருந்தாலும் தொந்தரவுதான். எங்க சூப்பிரண்டைப் போல."

எதையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. குடையை விரித்ததும் உள்ளிருந்து அண்ணாந்து பார்ப்பார். பால் கவரைத் தூக்கிப் பிடிப்பார். என் ஆட்டோவின் மேல்துணியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. எனக்கே தெரியாது. பின் சீட்டில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்து, நான் ஒட்டும் வரைக்கும் தினமும் கேட்டார். எரிச்சல் வரும்.

அவரிடம் வேலை பழகிய பெண்பிள்ளைகள் அழுவார்கள். ஒருத்தி பார்க்காமலேயே புத்தகத்தில் 'முழுமையாக உள்ளது' என்று எழுதிவிட்டாள். எல்லோருக்கும் முன்னால் நிறுத்திக் கேட்டார்: "கை வெச்சுப் பாத்தியா? கண்ணு வெச்சுப் பாத்தியா? இல்ல கொட்டாவி விட்டுட்டு மனசால பாத்தியா?" அந்தப் பெண் வாளியை மறுபடி எடுத்து, கழுவி, விரித்துக் காட்டின பிறகுதான் சாப்பிடப் போக முடிந்தது. அவர் ரிட்டயர் ஆன அன்று பொன்னாடை போர்த்திப் 'பொறுமையின் வடிவம்' என்று ஒருத்தர் மைக்கில் பேசினார். பின்னால் நின்ற நர்ஸ்கள் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார்கள். பொறுமையாம். அவருக்குப் பொறுமை இருந்திருந்தால் என் தங்கச்சி இன்றைக்கு இல்லை.

தங்கச்சிக்கு அது முதல் பிரசவம். காலை ஏழு மணிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நஞ்சுக்கொடியை வீட்டு முற்றத்தில் தாய்மாமன் கையால் புதைக்க வேண்டும். நாயோ காக்காயோ தொட்டால் பிள்ளைக்கு ஆகாது. வெயில் ஏறுவதற்கு முன்னால் மண் விழ வேண்டும். அம்மா இதைப் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் இதெல்லாம் கழிவு போடுகிற மஞ்சள் பைக்குள் போய்விடும், வெளியே தரமாட்டார்கள். ராத்திரி டியூட்டி பார்த்த ஆயா எங்கள் ஊர்க்காரி. கெஞ்சினேன். ஒரு கவரில் போட்டுக் கொடுத்தாள்.

சிஸ்டர் எட்டு மணிக்கு டியூட்டிக்கு வருவார் என்று எனக்குத் தெரியும். அவர் வந்தால் அது என் கைக்கு வராது என்றும் தெரியும். அதனால்தான் ஏழரைக்கே வாங்கினேன். யாரை ஏமாற்றுகிறேன் என்று தெரிந்தே ஏமாற்றினேன். ராத்திரி நர்ஸும் வீட்டுக்குப் போகிற அவசரத்தில், அதை விரித்துப் பார்க்காமல், எல்லாம் வந்துவிட்டது என்று எழுதிவிட்டாள். மடையர்கள் நாங்கள் இரண்டு பேரும்.

வீடு பத்து நிமிஷத் தூரம். தென்னைக்குப் பக்கத்தில் முழங்கால் ஆழம் குழி வெட்டி, கவரிலிருந்து இழுத்ததில் தோல் ஓர் இடத்தில் கிழிய, அதைப் பழைய தோர்த்துத் துண்டில் சுற்றிப் புதைத்து, நாய் கிளறாமலிருக்க மேலே ஒரு கல்லையும் தூக்கி வைத்தேன். கை கழுவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"பை எங்கல?"

"வீட்டில சிஸ்டர்."

"வீட்டில எங்க?"

"புதைச்சாச்சு."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"உனக்க தங்கச்சிக்கு ரத்தம் நிக்கல்ல. ஊசி போட்டா நிக்குது, கொஞ்ச நேரத்தில திரும்ப வருது. டாக்டர் புஸ்தகத்தைப் பாத்துட்டு எல்லாம் வந்தாச்சுங்காரு. ஸ்கேன்காரர் மத்தியானந்தான் வருவாரு. அதுவரைக்கும் இவ தாங்க மாட்டா. தோண்டு. மம்மட்டி படப்பிடாது. கையால தோண்டு."

கல்லைப் புரட்டினேன். அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "புதைச்சதைத் தோண்டப்பிடாது மக்கா. பிள்ளைக்கு ஆவாது. அவிய எதையாவது சொல்லுவாவ."

போனை ஸ்பீக்கரில் போட்டு மண்ணில் வைத்தேன்.

"அம்மா, உங்களுக்குப் பேத்தி வேணுமா, மவ வேணுமா?" என்றார் சிஸ்டர்.

"இது என்ன கேள்வி சிஸ்டர்? ரெண்டு பேரும் வேணும்."

"அப்பம் ஒதுங்கி நில்லுங்க."

அம்மா ஒதுங்கவில்லை. எனக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து அவளும் இரண்டு கையாலும் மண்ணை வாரத் தொடங்கினாள். அவ்வளவு வேகமாக அவள் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. மண் ஈரமாக இருந்தது. நகத்துக்குள் சரளை ஏறியது. தோர்த்து தெரிந்ததும் அம்மா என் கையைத் தட்டிவிட்டுத் தானே அதை அடியோடு ஏந்தி எடுத்தாள். ஒரு பேசினில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். வழியில் "பள்ளம், பையப் போ" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

கேட்டிலேயே சிஸ்டர் நின்றார். பேசினை வாங்கிக்கொண்டு கட்டடத்துக்குப் பின்னால் உள்ள குழாய்க்குப் போனார். டியூட்டி டாக்டர் வாசலுக்கு வந்து பார்த்தார். சின்ன வயசு. அவருக்கும் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

"சிஸ்டர், மண்ணுக்குள்ள கெடந்ததை லேபர் ரூமுக்குக் கொண்டு வரப் போறீங்களா?"

"கொண்டு வரல்ல டாக்டர். நீங்க இங்க வாங்க."

"புத்தகத்தில எழுதியிருக்கே."

"புத்தகத்துக்கா ரத்தம் போகுது?"

டாக்டர் வந்தார். சிஸ்டர் கையுறை போட்டு, குழாயை மெதுவாகத் திறந்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவினார். ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரிதான் இருந்தது. பிறகு கொடியைப் பிடித்துத் தூக்கினார். கையை உள்ளே விட்டு விரித்தார். காலை வெயில் நேராக அதில் விழுந்தது. இவ்வளவு மண்ணுக்குள் கிடந்தும் அந்தத் தோல் மினுமினுத்தது.

"இது பிள்ளை வந்த வாய். இது இந்த வெளங்காதவன் கிழிச்சது, விளிம்பு புதுசா இருக்கு பாருங்க." என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விரலை நகர்த்தினார். "இது என்ன டாக்டர்?"

எலுமிச்சம்பழம் நுழைகிற அளவுக்கு வட்டமாக ஒரு ஓட்டை. நஞ்சுக்கொடியிலிருந்து இரண்டு ரத்த நரம்புகள் தோலின் மேல் ஓடி வந்து, அந்த ஓட்டையின் விளிம்பில் அறுந்து நின்றன.

"ரோடு ஆத்தங்கரை வரைக்கும் வந்து நிக்குதுன்னா அக்கரையில ஊரு இருக்கணும்லா. ஆளில்லாத இடத்துக்கு எவன் ரோடு போடுவான்? நஞ்சுல தனியா ஒரு குட்டித் துண்டு இருந்திருக்கு. அது உள்ளேயே நிக்குது."

டாக்டர் குனிந்து பார்த்தார். ஒரு விரலால் நரம்பின் முனையைத் தொட்டார். எனக்கு டாக்டர்கள் மேல் நிறையக் கோபம் உண்டு. இந்த ஒருவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு சாக்கும் சொல்லவில்லை. "மயக்க ஊசி ரெடி பண்ணுங்க" என்று கத்திக்கொண்டே ஓடினார். சிஸ்டர் அவருக்கு முன்னால் ஓடினார்.

ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லோரும் வண்டியை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஒருவன் ரத்தம் எடுத்து வர நாகர்கோவிலுக்குப் பறந்தான். அம்மா குழாயடியிலேயே மண் கையோடு உட்கார்ந்திருந்தாள். நான் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அரை மணிக்கூரைப் பற்றி எனக்கு எழுதத் தெரியாது.

கதவு திறந்தது. டாக்டர் ஒரு தட்டோடு வந்தார். சட்டையெல்லாம் ரத்தம். முகம் சிரிப்பு. "கிடைச்சுது. ரத்தம் நின்னுட்டு. கண் முழிச்சதும் பாக்கலாம்" என்றார். தட்டில் பாதி உள்ளங்கை அளவுக்குக் கறுத்த துண்டு ஒன்று. ஓரத்தில் கிழிந்த தோல். பின்னாலேயே வந்த சிஸ்டர் அதை வாங்கி, குழாயடிக்குக் கொண்டுபோய், அங்கே விரித்து வைத்திருந்த பையின் ஓட்டையில் வைத்தார். அச்சாகப் பொருந்தியது. நரம்புக்கு நேரே நரம்பு. டாக்டர், வாட்ச்மேன், ஆட்டோக்காரர்கள், அம்மா, எல்லோரும் அதைச் சுற்றி நின்று பார்த்தோம். வாட்ச்மேன் கை தட்டினான். பிறகு எல்லோரும் தட்டினோம். ஆஸ்பத்திரிப் பின்பக்கக் குழாயடியில் ஒரு தட்டைப் பார்த்துக் கை தட்டியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

சிஸ்டர் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார். ராத்திரி நர்ஸ் எழுதிய வரியைச் சிவப்பு மையால் வெட்டினார். ஆயாவை வேலையை விட்டு நிறுத்த வேண்டும் என்று ஆபீஸில் பேச்சு வந்தபோது, "அவ கேட்டவனுக்குக் கொடுத்தா. பாக்காம எழுதினவளை முதல்ல கூப்பிடுங்க" என்று சொல்லித் தடுத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"இனி ஒரு தடவை எனக்க வாளியில கை வெச்சா உன்னையும் சேத்துப் புதைச்சிருவேன். கேட்டியா?"

"கேட்டேன் சிஸ்டர்."

அம்மா பயந்துகொண்டே, பார்த்து முடித்தாயிற்று என்றால் அதைத் திரும்பத் தர முடியுமா என்று கேட்டாள். சிஸ்டர் அம்மாவைப் பார்த்த பார்வையில் அம்மா அங்கிருந்தே போய்விட்டாள். அது மஞ்சள் பைக்குள் போனது.

ஆறாம் நாள் தங்கச்சியையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். தென்னையடியில் குழி நாங்கள் வாரிப் போட்ட மண்ணோடு திறந்து கிடந்தது. மூட அம்மா விடவில்லை. பிள்ளைக்காக வெட்டின குழியை வெறுமையாக மூடக் கூடாதாம். ஒரு தேங்காயாவது போட வேண்டுமாம். தேங்காயைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள்.

தங்கச்சி ஆட்டோவிலிருந்து இறங்கி என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். முகத்தில் இன்னும் ரத்தம் ஊறவில்லை. குழிக்குப் பக்கத்தில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இதுல போக வேண்டியது நானாக்கும். போகல்லலா. பெறவு எதுக்குத் தேங்காய்? மூடுங்க" என்றாள்.

அம்மா தேங்காயை என்னிடம் கொடுத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தாள். கடைசி மண்ணும் விழுந்த பிறகு தங்கச்சி பிள்ளையை அம்மாவிடம் கொடுத்தாள். அந்த மண்மேல் ஏறி நின்று, இரண்டு காலாலும் நன்றாக மிதித்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.